கால் மைல்

எங்கள் வேகாவுக்கு எங்கள் ஆட்களிடம் நல்ல பெயர் இருந்ததில்லை. எழுபதுகளில் அமெரிக்காவில் வந்த சின்னக் கார் அது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, சரிந்த முதுகு. வேகா என்பது நாங்கள் வைத்த பெயர் அல்ல, அது பிறக்கும்போதே அதனோடு வந்த பெயர். என் கணவர் அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்த வாரமே கொலோனில் ஒரு கலியாண வீட்டில் அவருடைய நண்பர் ஒருவர், "என்ன பேர் எண்டனீர்? வேகாவோ? அப்ப உம்மடை பருப்பு இந்தச் சென்மத்திலை வேகாது" என்று சொல்லி மேசையில் இருந்த எல்லோரையும் சிரிக்க வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காருக்கு வயர் முழுவதும் நான்தான் போடவேண்டியிருந்தது.

கார் வரும்போது அதற்குள் எஞ்சின் இல்லை. முன் மூடியைத் திறந்தால் நிலம் தெரிந்தது. நாலு சிலிண்டர் இருந்த அந்த இடத்தில் எட்டுச் சிலிண்டர் ஒன்றை இறக்கி, கால் மைல் பந்தயத்தில் ஓடுவது என்பது என் கணவரின் திட்டம். கால் மைல் பந்தயத்தில் வளைவு கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரியும், நேர்கோட்டில் பறக்கும், முடிந்துவிடும். "இவ்வளவு தூரம் போய், இவ்வளவு நேரந்தானோ?" என்று எங்கள் சனம் கேட்கும். என்னைக் கேட்டால் அதுதான் அதன் அழகு. நீட்டி முழக்குகிற எதுவும் எனக்கு ஒத்துவராது.

நான் ஒரு இடத்தில் இருக்கிற ஆள் இல்லை. ஜெர்மனிக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அகதி விடுதி, பிறகு வேறொரு விடுதி, பிறகு ஒரு அறை, பிறகு ஒரு வீடு என்று மாறி மாறிப் போனதில் பழகிவிட்டதோ, பிறவியிலேயே அப்படியோ தெரியாது. கோயிலில் பூசை நடக்கும்போது நான் வெளியே செருப்புகளைச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன். கலியாண மண்டபத்தில் சாப்பாடு வர முதல் மூன்று தரம் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் வருவேன். கதிரையில் இருந்தால் கால் ஆடும். "காலை ஆட்டாதை பிள்ளை, வீட்டுக்குக் கூடாது" என்று மண்டபத்தில் யாராவது ஒரு அக்கா தொடையில் கை வைத்து அமுக்குவார். அமுக்கின கை எடுபட்டதும் திரும்ப ஆடும். "இவவுக்குக் காலிலை சில்லுப் பூட்டியிருக்கு" என்று என் கணவர் பெருமைபோலச் சொல்லுவார். அது பெருமையில்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறவர். நான் இங்கே பள்ளிக்கூடம் முடித்து, மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, தொழிற்சாலைகளுக்கு மின் பெட்டிகள் பூட்டும் கம்பனி ஒன்றில் இருக்கிறேன். ஆகவே வேலை தானாகவே பிரிந்தது. வெட்டுவதும் ஒட்டுவதும் அவர், வயர் நான். பான் நகருக்கு வெளியே ஒரு கமக்காரரின் களஞ்சியத்தில் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். மற்றப் பாதியில் உருளைக்கிழங்கு கிடந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு நகரங்களுக்குப் படிக்கப் போய்விட்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதைவிட உருளைக்கிழங்கு மணம் பரவாயில்லை.

சின்னக் காருக்குள் பெரிய எஞ்சினை இறக்குவது, சின்னக் காலுக்குப் பெரிய சப்பாத்துப் போடுகிற கதை இல்லை. அதற்கு நேர்மாறு. எஞ்சின் உள்ளே போய்விட்டது, ஆனால் வேறு எதற்கும் இடம் இல்லை. புகைக்குழாய் ஸ்டியரிங் தண்டில் முட்டியது. ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளவேண்டி வந்தது. கியர்ப்பெட்டிக்காக நடுத்தரையை வெட்டி உயர்த்தினார். பின் அச்சு முழுவதையும் மாற்றினார், பழையது இந்த எஞ்சினின் இழுவையைத் தாங்காது. நான் பழைய வயரை எல்லாம் உருவி எறிந்துவிட்டு, முதலில் இருந்து தொடங்கினேன். பெற்றோல் பம்புக்கு ஒரு வழி, விசிறிக்கு ஒரு வழி, தீப்பிடித்தால் எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்த வெளியில் ஒரு சுவிட்ச். ஒவ்வொரு வயரிலும் நம்பர் போட்டேன். அவர் பார்த்துவிட்டு, "இது கார், உங்கடை கம்பனிப் பெட்டி இல்லை" என்றார். இருந்தாலும் ஒரு நம்பரைக்கூடப் பிய்க்கவில்லை.

எஞ்சின் முதன்முதல் மூச்சுவிட்ட அன்று, அவர் முன்னால் குனிந்து காபரேற்றரைப் பிடித்துக்கொண்டிருந்தார். திறப்பைத் திருப்புவதற்கு வேறு ஆள் இல்லாததால் நான் உள்ளே இருந்தேன். இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. அந்த அதிர்வு இருக்கையின் அடியில் இருந்து முதுகெலும்பு வழியாக ஏறி என் பல்லுக்கு வந்தது. என் கால் ஆடவில்லை. அதைக் கவனித்தேன். முழுக் காரும் எனக்காக ஆடிக்கொண்டிருந்தது, நான் ஆடத் தேவையில்லை. இதை நான் ஒருக்காவது ஓட்டியே தீரவேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, நானும் ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

"பிறகு பாப்பம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பிறகு பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். பிள்ளைகள் சைக்கிள் கேட்டபோதும் அதுதான், நான் தனியாக நோர்வேக்கு ஒரு கிழமை போய்வரக் கேட்டபோதும் அதுதான். அவர் கத்துகிறவர் இல்லை. சமைப்பார், என் அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போவார், நான் வேலையால் பிந்தினால் யன்னலில் நிற்பார். இல்லை என்ற சொல்லைத்தான் அவர் வாயால் கேட்கமுடியாது. இல்லை என்று சொன்னால் சண்டையாவது பிடிக்கலாம். 'பிறகு பாப்பம்' என்பதோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

முதல் கோடையும் இரண்டாவது கோடையும் அவர்தான் ஓட்டினார். பழைய விமான ஓடுபாதை ஒன்றில் பந்தயம். நான் அவருடைய ஹெல்மெற்றையும், ஜக்கெற்றையும், தண்ணீரையும், புட்டுப் பார்சலையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பந்தயத்துக்கு முன்னர் காரைப் பரிசோதிக்கிறவர் மூடியைத் திறந்து, வயரைப் பார்த்து, நிமிர்ந்து, அவருக்குக் கை கொடுத்து, மிக நல்ல வேலை என்று ஜெர்மன் மொழியில் பாராட்டினார். என் கணவர் "யா, யா" என்று ஆமாம் போட்டார். எனக்கு வந்ததே கோபம்! பிறகு கேட்டால், "அவன் என்ன சொன்னவன் எண்டு எனக்கு வடிவா விளங்கேல்லை" என்கிறார். அது பொய்யில்லை. உத்தியோகச் சட்டை போட்ட ஜெர்மன்காரர் யார் எதைக் கேட்டாலும் முதலில் 'யா, யா' என்று சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து என்ன கேட்டார்கள் என்று யோசிப்பது அவருக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. அகதி விண்ணப்பக் காலத்தில் வந்த அந்தத் தலைமுறை முழுவதற்கும் அது உண்டு. அப்படிச் சொல்லி ரெலிபோன் ஒப்பந்தங்களில் மாட்டுப்பட்டவர்கள் கொலோன் முழுக்க இருக்கிறார்கள்.

கோபத்தைவிட மோசமானது அவர் ஓட்டுகிற விதம். புறப்படுவது திறம். பாதி தூரத்தில் காலை எடுத்துவிடுவார். வேலிக்கரையில் நிற்கிற எனக்குக் காதாலேயே தெரியும். எஞ்சின் ஏறிக்கொண்டு வரும், வரும், இப்போது, இப்போது என்று என் கை கம்பியை இறுக்கும், பிறகு சத்தம் தொய்ந்துவிடும். பக்கத்துக் கார் தாண்டிப் போகும். எட்டுச் சிலிண்டரை இறக்கிவிட்டு நாலு சிலிண்டராய் ஓடினால் எதற்கு இந்தப் பாடு? வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் அவர் காலை நானே மிதிக்கலாம் போல இருக்கும்.

"ஏன் காலை எடுக்கிறியள்?" என்று கேட்டால், "கவனமா ஓடவேணும்" என்பார்.

மூன்றாவது கோடையில் கமக்காரர் தன் களஞ்சியத்தைத் திருப்பிக் கேட்டார். மகள் குதிரை கட்டப்போகிறாளாம். வேறு இடம் தேடினோம், கிடைக்கவில்லை. ஹாலே நகரப் பக்கம் இருந்து ஒருவர் காரை வாங்க ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயம். ஞாயிறு தப்பினால் எனக்கு வேகா இல்லை.

அன்று காலை அவுட்டோபான் நெடுஞ்சாலையில் போகும்போது கேட்டேன். பின்னால் ட்ரெய்லரில் கார் ஆடிக்கொண்டு வந்தது.

"இண்டைக்கு ஒரே ஒரு ஓட்டம் எனக்குத் தாங்கோ."

"பிறகு பாப்பம்."

"பிறகு எண்டு ஒண்டு இல்லையப்பா. நாளைக்குக் கார் போகுது."

அவர் சிக்னலைப் போட்டு ஒரு லொறியை முந்தினார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுவதற்குப் பதிலாகப் புட்டுப் பார்சலை நசித்தேன்.

பதிவு செய்யும் கூடாரத்தில் வரிசை. பக்கத்தில் யாரோ எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள், காது அடைத்தது. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். என் கணவர் முன்னால், நான் வழமைபோல ஹெல்மெற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால். அந்தப் பெண் ஹெல்மெற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கணவரிடம் கேட்டார்: "ஃபேர்ட் ஸீ?"

அவ ஓடுகிறாவா என்பது கேள்வி. ஆனால் ஜெர்மன் மொழியில் 'அவள்' என்பதற்கும் 'ஸீ', 'நீங்கள்' என்பதற்கும் 'ஸீ'. வினைச்சொல்லில்தான் வித்தியாசம், அந்த வித்தியாசத்தை எஞ்சின் சத்தம் விழுங்கிவிட்டது. நீங்கள்தானே ஓடுகிறீர்கள் என்று கேட்கிறார் என்று என் கணவர் எடுத்துக்கொண்டார்.

"யா, யா" என்றார்.

"அப்படியானால் உங்களுடைய லைசன்சைத் தாருங்கள்" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் எப்போதும் என் கைப்பையில்தான். இரண்டு லைசன்சும் ஒரே உறையில் இருந்தன. என் கணவர் அதற்குள் திரும்பிப் பின்னால் நின்றவரிடம் ரயர்க் காற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். நான் என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். பிழை செய்கிறேன் என்ற எண்ணம் அப்போதும் வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை. என் மணிக்கட்டில் ஓட்டுநரின் செம்மஞ்சள் பட்டியைக் கட்டினார்கள். அவரை இழுத்து அவர் கையில் உதவியாளரின் நீலப் பட்டியைக் கட்டினார்கள். அதற்கும் அவர் "யா, யா" என்றார்.

காரை இறக்கி, ரயரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் கவனித்தார்.

"இதென்ன, பட்டி மாறிப் போச்சே?"

"மாறேல்லை."

"உம்மடை கையிலை செம்மஞ்சள் கிடக்கு."

"ஓம். நான்தான் ஓடுறன். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கேள்வியை அப்படியே திருப்பிச் சொன்னேன். அவருடைய முகத்தில் அது மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு கூடாரத்தை நோக்கி நடந்தார். நான் ரயரைத் துடைத்தேன். துடைத்த ரயரையே திரும்பத் துடைத்தேன். மாற்றிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பி வந்தபோது நடை தளர்ந்திருந்தது.

"ஓடுற ஆள் வந்து சொன்னாத்தான் மாத்துவினமாம். நீர் வாரும்."

"நான் வரேல்லை."

"விசர்க்கதை கதையாதையும்."

"விசர்தான். மூண்டு கோடையா ஹெல்மெற் தூக்கின விசர்." என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இந்தக் காரிலை ஓடுற ஒவ்வொரு வயரும் நான் போட்டது. பிறகு பாப்பம், பிறகு பாப்பம் எண்டு நாளைக்கு ஆரோ ஒருத்தன் கொண்டுபோகப்போறான். அவனுக்குக் குடுப்பியள், எனக்குத் தரமாட்டியளோ?"

ஜக்கெற்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். தோளில் தொங்கியது, கைகளை மடித்துவிட்டேன். பிறகு நான் உள்ளே ஏறி இருந்ததும் குனிந்து இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டினார். ஒருக்கா இழுத்தது காணாது என்று இன்னொருக்கா இழுத்தார். கவனம் என்று சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

முதல் ஓட்டத்தில் நான் என் குணத்தைக் காட்டிவிட்டேன். ரயருக்குப் பிடிப்பு வர, தண்ணீர் ஊற்றின இடத்தில் பின்சில்லுகளைச் சுழற்றிச் சூடாக்கி, கோட்டுக்கு வந்து நின்றேன். மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கும், பிறகு பச்சை. நான் பச்சைக்குக் காத்திருக்கவில்லை. என்னால் ஏலவில்லை. மஞ்சளிலேயே கிளச்சை விட்டுவிட்டேன். என் பக்கம் சிவப்பு எரிந்தது, ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சிரித்தார், ஓட்டம் செல்லாது. பாதி வழியில் எனக்கே அது விளங்கிக் காலை எடுத்துவிட்டேன். திரும்பி வந்து வரிசையில் நின்றபோது அவர் யன்னலில் குனிந்தார்.

"முந்திரிக்கொட்டை" என்றார்.

"தெரியும்."

"மஞ்சளைக் கண்டவுடனை வெளிக்கிடாதையும். கடைசி மஞ்சள் அணையட்டும். மூச்சை விடும், பிறகு போம்."

கோபமில்லாமல்தான் சொன்னார். சிரிக்கவும் இல்லை. முகம் சாம்பல் பிடித்த மாதிரி இருந்தது. அவ்வளவு பயமோ என்று நினைத்தேன். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் மூச்சை விட்டேன். பச்சை. முன்மூக்கு எழும்பியது, வானம் தெரிந்தது, பிறகு பாதை தெரிந்தது. முதலாவது கியர் இருந்ததோ தெரியாது. இரண்டாவது, மூன்றாவது. அவர் காலை எடுக்கிற இடம் எனக்குத் தெரியும், அங்கே வலப்பக்கம் காற்றின் திசை காட்டும் ஒரு பழைய துணிக் கம்பம் நிற்கும். கம்பம் வந்தது, போனது. நான் எடுக்கவில்லை. கதவுகள் கிடுகிடுத்தன, ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது, அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன். பக்கத்துக் காரை நான் பார்க்கவே இல்லை. முடிவுக்கோடு எப்போது போனது என்பதையும் பார்க்கவில்லை. அவர் அதுவரை ஓடின எந்த ஓட்டத்தையும்விட அது வேகம் என்று பிறகு தாளில் பார்த்தேன்.

கோட்டைத் தாண்டினதும் முதல் திருப்பத்தில் இடப்பக்கம் திரும்பி வரிசைக்கு வரவேண்டும். நான் திரும்பவில்லை. வேகம் குறைந்தது, திருப்பம் போனது, அடுத்த திருப்பமும் போனது. ஓடுபாதையின் அந்தலை வரைக்கும் போய் அங்கே நின்றேன். முன்னால் கம்பி வேலி, வேலியில் ஒரு படலை. படலை திறந்து கிடந்தது. அதற்கு அங்கால் சோளக்காட்டின் நடுவே ஒரு தெரு, தெருவில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. எஞ்சினை நிறுத்தாமல் இருந்தேன்.

சந்தோசம் வரும் என்று மூன்று கோடையாக நினைத்திருந்தேன். சந்தோசம் வரவில்லை. போகவேண்டும் என்றுதான் வந்தது. எங்கே என்று இல்லை. அந்தப் படலையால் வெளியே, அந்த லொறிகளுக்குப் பின்னால், கால் மைலில் முடியாத ஏதோ ஒன்றுக்கு. எல்லாம் கட்டி முடித்து, பிள்ளைகளை வளர்த்து, வீட்டுக்கடன் கட்டி, நாற்பத்தைந்து வயதில் இன்னும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லையே என்று நினைக்க அழுகை வந்தது. ஹெல்மெற்றுக்குள் அழுதால் துடைக்கவும் ஏலாது. இலக்கத் தகடு இல்லாத காரில் தெருவில் போகமுடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கை கியரில்தான் இருந்தது.

மீட்பு வண்டி பின்னால் வந்து நின்றது. என் கணவர் அதில் இருந்து குதித்து ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்துப் பலகாலம்.

"என்ன, ஏதும் உடைஞ்சுபோச்சோ?"

"இல்லை."

"உமக்கு ஏதும்?"

"இல்லையப்பா."

"பின்னை ஏன் இதிலை நிக்கிறீர்?"

அவர் படலையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். கியரில் இருந்த என் கையைப் பார்த்தார்.

"நான் நினைச்சன்…" என்று தொடங்கி நிறுத்தினார்.

"என்ன நினைச்சனீங்கள்?"

"நீர் ஓடிப்போட்டீர் எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நம்பர் பிளேற் இல்லாத காரிலை எங்கை ஓடுறது? அதுவும் இண்டைக்கு?"

"இண்டைக்கு மட்டும் இல்லை" என்றார். கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். "கலியாணம் கட்டின நாளிலை இருந்து நினைக்கிறன். நீர் மண்டபத்தாலை எழும்பிப் போவீர், வேலையாலை பிந்துவீர், நோர்வே எண்டுவீர். ஒவ்வொருக்காவும் நினைப்பன், இந்த முறை வரமாட்டா எண்டு. இந்தக் காரையும் உம்மடை கையிலை தந்தா…"

முடிக்கவில்லை. யன்னலில் நின்றது, பிறகு பாப்பம் என்றது எல்லாம் காரைப் பற்றியதே இல்லை என்று அந்தலையில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஒரே படுக்கையில் படுத்த மனிதர், ஒவ்வொரு நாளும் நான் போய்விடுவேன் என்று பயந்தபடி படுத்திருக்கிறார். இல்லை, நான் எங்கேயும் போகமாட்டேன் என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். வாயில் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னர் என் கை எங்கே இருந்தது என்று அவரும் பார்த்துவிட்டார், நானும் அறிவேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வாங்கோ, ஏறுங்கோ" என்றேன்.

"எங்கை ஏறுறது?"

பக்கத்தில் பார்த்தேன். எடை குறைக்கவேண்டும் என்று மற்ற இருக்கையைக் கழற்றிக் களஞ்சியத்திலேயே விட்டிருந்தோம். வெறும் தகரத் தரை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மீட்பு வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

அவர் கதவில் இருந்து கையை எடுத்தார்.

"நீர் போம்" என்றார். "நான் பின்னாலை வாறன்."

வரிசைப் பக்கமோ, படலைப் பக்கமோ என்று அவர் சொல்லவில்லை.